அறுபது கூட்டல் நாப்பத்தஞ்சு பெருக்கல் ரெண்டு வடை

தங்கச்சி நிச்சயத்துக்கு வடை சொல்லிட்டு வரணும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

மண்டபம் அப்பா பார்த்தாச்சு. பூ, மாலை, வெத்தலை பாக்கு எல்லாம் அம்மா பார்த்தாச்சு. இட்லி, பொங்கல், கேசரியை என் வீட்டுக்காரி கற்பகமே சமையல்காரர்கிட்ட போய் சொல்லிட்டு வந்தாச்சு. வடை மட்டும் மிச்சம். ஏன்னா எங்க பக்கம் அறுபது பேர்னு தெரியும், மாப்பிள்ளை வீட்டுல எத்தனை பேர் வர்றாங்கன்னு கடைசி வரைக்கும் முடிவாகல. முந்தின நாள் காலையிலதான் விளாத்திகுளத்துல இருந்து போன் பண்ணி, "நாப்பத்தஞ்சு பேர் வாரோம்"னாங்க.

கற்பகம் அப்போ ஜாக்கெட் வாங்க டெய்லர் கடையில நின்னுக்கிட்டிருந்தா. அங்க இருந்தே எனக்கு ஒரு மெசேஜ்.

"60 + 45 x 2 வடை. அண்ணாச்சிட்ட சொல்லிருங்க. ஏதும் சந்தேகம்னா போன் பண்ணுங்க."

சந்தேகமா? எனக்கா?

இங்க என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். நான் பி.எஸ்சி. கணிதம். வேலை பார்க்குறது கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல. பண்டலை எண்ணி லாரியில ஏத்திவிடுற வேலை. அதுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும். மிச்சப் படிப்பை எல்லாம் எங்கயாவது இறக்கி வைக்கணுமே? அதுக்குன்னே எனக்கு அமைஞ்சது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்.

யாராவது ஒரு புதிர் போடுவாங்க. "6 + 4 x 5 = ? மேதைகளுக்கு மட்டும்!"

சொந்தக்காரங்க வரிசையா ஐம்பது, ஐம்பது, ஐம்பதுன்னு போடுவாங்க. நான் கடைசியா வந்து இருபத்தாறுன்னு போடுவேன். அதோட விடுவேனா? பெருக்கலைத்தான் முதல்ல செய்யணும், கூட்டல் அதுக்கப்புறம், கூட்டல் முதல்ல வரணும்னா அடைப்புக்குறி போட்டிருக்கணும்னு மூணு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் வேற.

போன மாசம் என் சகலை குரூப்பை விட்டே போயிட்டார். நான் அதை வெற்றிக் கணக்குல சேர்த்துக்கிட்டேன்.

இப்படிப்பட்டவன் கையில "60 + 45 x 2"ன்னு ஒண்ணு வந்து சேர்ந்தா என்ன ஆகும்?

சமையல்கார அண்ணாச்சி வீட்டு வாசல்ல ஒரு அக்கா சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தாங்க. ஒரு ஆட்டோக்காரர் பாத்திரம் ஏத்த வந்து நின்னுக்கிட்டிருந்தார். அண்ணாச்சி என் போனை வாங்கி மெசேஜைப் பார்த்தார். ஒரு பெரிய கால்குலேட்டரை எடுத்தார். எண்ணெய் விரல் பட்டுப் பட்டு அதுல பாதி எண் அழிஞ்சு போச்சு. அவருக்கு இடம் தெரியும்.

"அறுபது... கூட்டு... நாப்பத்தஞ்சு... பெருக்கு... ரெண்டு. எரநூத்திப் பத்து. சரி தம்பி, எரநூத்திப் பத்து வடை போட்டுருதேன்."

"தப்பு அண்ணாச்சி"ன்னேன்.

சொன்ன உடனே உடம்பு பூரா ஒரு சந்தோஷம் ஓடுச்சு. அதை மறைக்க விரும்பல.

"எதுல தப்பு? மெஷினு சொல்லுது."

"மெஷினுக்கு முறை தெரியாது. எது முதல்ல வருதோ அதை முதல்ல போட்டுட்டுப் போகும். பெருக்கலைத்தான் முதல்ல செய்யணும். நாப்பத்தஞ்சை ரெண்டால பெருக்கினா தொண்ணூறு. அதோட அறுபது. நூத்தம்பது வடை."

"நான் முப்பது வருஷமா இதுலதான் போடுதேன்."

"முப்பது வருஷமா தப்பா போடுறீங்க."

வெங்காயம் உரிச்ச அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க. அண்ணாச்சி முகம் கொஞ்சம் சிவந்துச்சு. நான் என் போனைத் திருப்பி வாங்கித் தட்டிக் காட்டினேன். நூத்தம்பது. ஆட்டோக்காரர்கிட்ட, "அண்ணே, உங்க போன்லயும் போடுங்க"ன்னேன். அதுலயும் நூத்தம்பது. அக்காவோட போனையும் வாங்கினேன். அதுலயும் நூத்தம்பது!

"பாத்தீங்களா? மூணு போன்!"

அண்ணாச்சி ஒரு தடவை கால்குலேட்டரைப் பார்த்தார். அதைக் குப்புறக் கவுத்து வச்சார்.

"மூணும் ஒண்ணுபோல சொல்லுதுன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவிய நீங்க. ஆனா தம்பி, எனக்கு எங்கனயோ இடிக்கு. ஆளு மொத்தம் நூத்தஞ்சு. வடை நூத்தம்பது. ஆளுக்கு எத்தனைன்னு வைக்க?"

மனுஷன் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி! நூத்தம்பதை நூத்தஞ்சால ஒரே ஒரு தடவை வகுத்துப் பார்த்திருக்கலாம். கற்பகத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது நமக்கு எதுக்கு அண்ணாச்சி? எழுதியிருக்கிற கணக்குக்கு விடை நூத்தம்பது. கணக்குல இடிக்கிறது கிடிக்கிறதுன்னு ஒண்ணும் கிடையாது."

ஆட்டோக்காரர், "சார் விவரமான ஆளு"ன்னார். வீட்டுக்கு வர்ற வழி பூரா அந்த வார்த்தையை மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே வந்தேன்.

"வடை சொல்லியாச்சா?"ன்னு கற்பகம் கேட்டா.

"சொல்லியாச்சு."

எத்தனைன்னு அவ கேக்கல. நானும் சொல்லல. கட்டுன நாள்ல இருந்து அவ என்னை நம்பின ஒரே தடவை அதுதான்னு நினைக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மண்டபத்துல காலை எட்டரைக்கு டிபன். டைனிங் ஹால் பெருசு, எல்லாரும் ஒரே பந்தியில உக்காரலாம். இலை எல்லாம் போட்டாச்சு. ஆட்கள் உள்ள வர ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணாச்சி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, வடை நூத்தம்பது இருக்கு. சொன்னது சொன்னபடி போட்டுட்டேன். இப்பம் சொல்லுங்க, ஆளுக்கு எத்தனை வைக்க?"

தாம்பாளத்துல வடை குவிஞ்சு கிடக்கு. வெளிய நூத்தஞ்சு இலை. அப்போதான் எனக்கு உறைச்சுது. கற்பகம் சொன்னது ரெண்டு பக்கத்து ஆளையும் கூட்டி, ஆளுக்கு ரெண்டு வடை. எரநூத்திப் பத்துதான். முப்பது வருஷ கால்குலேட்டர் சொன்னது அச்சுப் பிசகாம சரி.

அறுபது வடை குறையுது.

ஒத்துக்கிட்டிருந்தா அப்பவே ஏதாவது பண்ணியிருக்கலாம். ஆனா என் மூளை அந்த நேரத்துல என்ன கண்டுபிடிச்சுதுன்னு கேளுங்க. அறுபது கூட்டல் தொண்ணூறு. அதாவது எங்க ஆளுங்க அறுபது பேருக்கு ஆளுக்கு ஒண்ணு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நாப்பத்தஞ்சு பேருக்கு ஆளுக்கு ரெண்டு. மொத்தம் கரெக்டா நூத்தம்பது!

கணக்கு பொய் சொல்லல பாருங்க!

"அண்ணாச்சி, நம்ம ஆளுக்கு ஒண்ணு. மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு."

"யாரு எந்த வீட்டு ஆளுன்னு பரிமாறுற பயலுவளுக்கு எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளை வீட்டை எல்லாம் இடப்பக்கம் உக்கார வச்சுடுறேன். நம்ம ஆளு எல்லாம் வலப்பக்கம்."

ஓடிப்போய் நானே உக்கார வச்சேன். சம்மந்தி வீட்டுக்காரங்களுக்கு ரொம்ப சந்தோஷம், பொண்ணோட அண்ணனே வந்து கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறானேன்னு. ரெண்டு வரிசையும் நேருக்கு நேர் பார்த்து உக்காந்தாங்க.

நேருக்கு நேர். அதை நான் யோசிக்கல.

வலப்பக்கம் முதல் இலையில உக்காந்தது எங்க தாய்மாமா. ஊர் இடைசெவல். பருத்தி, உளுந்துன்னு கரிசக்காட்டுல வெள்ளாமை. அவருக்கு நேர் எதிரே மாப்பிள்ளையோட சித்தப்பா. எதிர் இலையில ரெண்டு வடை விழுந்துச்சு. மாமா இலையில ஒண்ணு விழுந்துச்சு. பரிமாறுறவன் அடுத்த இலைக்குப் போயிட்டான்.

மாமா தன் இலையைப் பார்த்தார். எதிர் இலையைப் பார்த்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். அதுக்கு எதிர் இலையைப் பார்த்தார்.

"எய்யா, இங்கன ஒண்ணு விட்டுட்டுப் போற."

பரிமாறுறவன் சத்தமா, ஹால் பூரா கேக்குற மாதிரி சொன்னான்: "பொண்ணு வீட்டுக்கு ஒண்ணுதான்னு சொல்லிருக்காவ!"

மாமா தோள்துண்டை உதறிப் போட்டார். இலையில கை வைக்காமலே எந்திரிச்சார். வெளிய நடந்தார்.

வலப்பக்க வரிசை பூராவும் கை நின்னு போச்சு. இடப்பக்கம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

இது ஏதோ வடை விஷயம்னு நினைக்காதீங்க. எங்க பக்கம் நிச்சயத்துல பொண்ணு வீட்டுத் தட்டை எடுத்துக் கொடுக்குறது தாய்மாமன்தான். அப்பா கொடுக்க முடியாது, அண்ணன் கொடுக்க முடியாது. மாமன் கை படாத தட்டை மாப்பிள்ளை வீட்டுல வாங்க மாட்டாங்க. பத்தரைக்கு ராகு காலம் வேற. அதுக்குள்ள தட்டு மாத்தலைன்னா அன்னைக்கு நிச்சயம் கிடையாது. மூணு வருஷம் ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு அமைஞ்ச இடம் அது.

அலங்காரம் பண்ணுற ரூம் கதவைத் திறந்து தங்கச்சி செல்வி எட்டிப் பார்த்தா. தலையில பாதிப் பூதான் வச்சிருந்துச்சு.

"அண்ணே, மாமா கோவிச்சுக்கிட்டுப் போறாங்களாமே. என்னண்ணே பண்ணுன?"

"ஒண்ணும் இல்ல செல்வி. நீ பூ வை."

கண்ணு கலங்கி நின்னா. அப்போதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். "ஏலே, எங்க அண்ணன் பைக்கை எடுத்தார்னா நீ வீட்டுக்கு வராத"ன்னு மட்டும் சொன்னா.

மாமா வெளிய வேப்பமரத்தடியில பைக்குல உக்காந்திருந்தார். சாவியைப் போட்டாச்சு. ஸ்டார்ட் மட்டும் பண்ணல. யாராவது வந்து கூப்பிடட்டும்னு கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கார்னு எனக்குப் பட்டுச்சு. அந்தப் பெருந்தன்மையை நான் எப்படிப் பயன்படுத்தினேன்? பாடம் எடுத்தேன்.

"மாமா, உங்களைக் குறைச்சு நினைக்கல. இது ஒரு கணக்குப் பிரச்சினை."

பெட்ரோல் டேங்க் மேல கரிசல் புழுதி படிஞ்சு கிடந்துச்சு. அதுல விரலால எழுதினேன். 60 + 45 x 2. பெருக்கல் ஏன் முதல்ல வருது, அடைப்புக்குறி எங்க வந்திருக்கணும், எல்லாத்தையும் விளக்கினேன். மாமா பொறுமையா கேட்டார்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சுது மாமா."

"இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். பருத்தி எடுக்க ஆளு விட்டிருக்கேன். பொம்பளையாளு ஆறு, ஆம்பளையாளு நாலு. ஆளுக்கு ரெண்டு பன்னு வாங்கிட்டு வாலேன்னு உன்னைய அனுப்புதேன். எத்தனை வாங்கிட்டு வருவே?"

"இருபது."

"பதினாலு வாங்கிட்டு வர மாட்டேல்லா?"

மாட்டேன்னு தலையாட்டினேன்.

"அங்கன நான் ஒரு அடைப்பும் போடலியே மருமவனே. எப்படி இருபது வந்துச்சு?"

"ஆளுக்கு ரெண்டுன்னு சொன்னீங்களே மாமா."

"உன் பொண்டாட்டி வேற என்னத்தச் சொன்னா?"

புழுதியில நான் எழுதின கணக்கு அப்படியே இருந்துச்சு. என்ன செய்யன்னு தெரியாம, 60க்கு முன்னால ஒரு வளைவும் 45க்குப் பின்னால ஒரு வளைவும் போட்டேன். ஏதோ ஒரு வேகத்துல, "இனிமே நம்ம வீடு, அவங்க வீடு எல்லாம் ஒரே அடைப்புக்குள்ளதான மாமா"ன்னு வேற சொல்லிட்டேன். எனக்கே அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

மாமாவுக்கு ஒண்ணும் பிடிச்ச மாதிரித் தெரியல.

"வாயில நல்லாத்தான் போடுத. இலையில போடுலே."

மணி ஒன்பதே கால்.

திரும்பிப் பார்த்தா கற்பகம் ஸ்கூட்டர்ல நிக்கிறா. பட்டுச் சேலையோட, கால்மாட்டுல ஒரு பெரிய தூக்குவாளி. எல்லாம் அதுக்குள்ள அவ காதுக்குப் போயிருக்கு. "ஏறுங்க" மட்டும் சொன்னா.

ரெண்டு தெரு தாண்டினோம். அப்புறம் மெதுவா கேட்டா:

"ஏங்க, நான் மனுஷனுக்குத்தான எழுதினேன்? மெஷினுக்கா எழுதினேன்?"

இதுக்கு மூணு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போட முடியாது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் முதல் டீக்கடை. "எத்தனை வடை சார்?"னு மாஸ்டர் கேட்டார்.

"இருக்கிறது பூரா."

இருபத்தி நாலு உளுந்து வடை. அடுத்த கடையில உளுந்து வடை தீர்ந்து போச்சு, பருப்பு வடைதான். பத்தொன்பது. "அதையும் போடுங்க"ன்னா கற்பகம். மூணாவது கடையிலயும் பருப்பு வடைதான், பதினைஞ்சு. அங்க ஒருத்தர் டீ கிளாஸோட தட்டுப் பக்கம் கை நீட்டுறதுக்கும் நான் தட்டைக் கவுத்துறதுக்கும் சரியா இருந்துச்சு.

"என்ன சார், எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறீய?"

"தங்கச்சிக்கு நிச்சயம்ணே."

"நிச்சயத்துக்கு டீக்கடை வடையா?"

பதில் சொல்ல நேரமில்ல. இருபத்தி நாலு, பத்தொன்பது, பதினைஞ்சு. ஐம்பத்தெட்டு. வெறும் கூட்டல்தான், ஆனாலும் கற்பகத்துக்கிட்ட, "சரிதான?"ன்னு கேட்டுக்கிட்டேன்.

"ரெண்டு குறையுது"ன்னா.

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணோட நிறுத்திக்குவோம்."

"நீங்க அந்த ஒண்ணையும் திங்க வேண்டாம்"ன்னா.

திரும்பி வந்தப்போ மணி ஒன்பதே முக்கால். மாமா இன்னும் பைக்குலதான். தூக்குவாளியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். சாவியை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உள்ள வந்தார். அவர் இலை முன்னாடி உக்காந்த பிறகுதான் வலப்பக்க வரிசைக்கே உசுரு வந்துச்சு.

ரெண்டாவது வடை வரிசையா வர ஆரம்பிச்சுது. கடைசி இலையில இருந்து மாமா இலையைப் பார்த்து வந்துச்சு. நான் ஒரு பெருமூச்சு விட்டேன். பாதி மூச்சுதான் போயிருக்கும்.

எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையோட சித்தப்பா கையைத் தூக்கினார்.

"தம்பி, இங்கன வாங்க. அவியளுக்கு மட்டும் பருப்பு வடை வைக்கிய. எங்க இலையில ரெண்டும் உளுந்து வடையால்லா இருக்கு?"

இதுக்கு எந்த அடைப்புக்குறியும் கிடையாது. தாம்பாளத்துல கடைசியா ஒரே ஒரு பருப்பு வடை. அது மாமாவோட வடை. இந்தப் பக்கம் வச்சா அந்தப் பக்கம் போச்சு. அந்தப் பக்கம் வச்சா பைக் ஸ்டார்ட் ஆகும். பரிமாறுறவன் ரெண்டு வரிசைக்கும் நடுவுல நின்னு என்னைப் பார்க்குறான். செல்வி கதவுப் பக்கம் நின்னு என்னைப் பார்க்குறா.

மாமா பரிமாறுறவனைக் கூப்பிட்டார்.

"எய்யா, அந்த வடையச் சம்மந்திக்கு வை."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணு போதும்யா. எண்ணெய்ப் பலகாரம் ஒண்ணுக்கு மேல ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. சித்தப்பா சிரிச்சார். "சம்மந்தின்னா இப்படில்லா இருக்கணும்"னு சொல்லிக்கிட்டே அந்தப் பருப்பு வடையை ஒரே கடியில பாதியாக்கினார். ரெண்டு வரிசையும் சிரிச்சுது. பத்து மணிக்கு இலை எடுத்தாச்சு. பத்து பதினைஞ்சுக்கு மாமா தட்டைத் தூக்கிக் கொடுத்தார், அந்தச் சித்தப்பாவே முன்னால வந்து வாங்கிக்கிட்டார். செல்வி முழுப் பூவோட உக்காந்து சிரிச்சா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பசியில வந்ததுன்னு கற்பகம் சொல்லுறா.

கை கழுவுற இடத்துல மாமாவைத் தனியா பிடிச்சேன்.

"மாமா, கடைசியில நீங்க தின்னது ஒரே ஒரு வடை. அதைத்தான நான் முதல்லயே வைக்கச் சொன்னேன்?"

மாமா துண்டுல வாயைத் துடைச்சார்.

"வைக்காம விட்டது நீ. வேண்டாம்னு சொன்னது நான். ரெண்டும் ஒண்ணாலே?"

அன்னைக்கு என் மண்டையில ஏறின வரிசை இதுதான்: முதல்ல தாய்மாமன், அப்புறம் அடைப்புக்குறி, பெருக்கல் எல்லாம் பந்தி முடிஞ்ச பிறகு.